14 ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டுகிறேன். புத்தகத்தின் 11-ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று நானே ஒன்று கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 33. மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கருகிப்போன மோட்டார் வந்தால் பிரித்து, பழைய கம்பியை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, கம்பியின் கனம் பார்த்து, ஸ்லாட் என்னும் காடிக்குள் பேப்பர் வைத்து, புதிய காயில் இறக்கி, கனெக்ஷன் கொடுத்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓட்டிக் கொடுப்பேன். நான் கட்டிய மோட்டார் திரும்பி வருவது அரிது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கையில் வேலை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை எழுதவே இல்லை. அதன் பிறகு கணக்கு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அப்படியே காலம் ஓடிவிட்டது.

போன மாதம் ஒன்று நடந்தது. பட்டறையில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். மாலையில் டிப்ளமோ படிக்கிறான். ஒரு மோட்டாரின் விவரம் பொறித்த தகட்டைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, நான்கு போல் (காந்த முனை) மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓட வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. தகட்டில் ஏன் 1440 என்று போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டான். நானும் ஆயிரம் தகடுகளில் அந்த 1440-ஐப் பார்த்திருப்பேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பதில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "வேலையைப் பார்" என்று அதட்டினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேள்வி கேட்ட ஒரு பையனின் வாயை அடைத்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது. எனக்குத் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் வலித்தது.

மறுநாளே மின் இயந்திரங்கள் பற்றிய பழைய பாடப்புத்தகம் ஒன்றை வாங்கினேன். 10 பக்கம் வரை போனேன். 11-ஆம் பக்கத்தில், மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார் கனெக்ஷன் பற்றிச் சொல்லும் இடத்தில் திடீரென்று ரூட் 3 என்று வருகிறது. லைன் வோல்டேஜ் என்பது ஃபேஸ் வோல்டேஜைப் போல ரூட் 3 மடங்கு என்று எழுதியிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று இல்லை. அந்தப் பக்கத்தை ஒன்பது முறையாவது படித்திருப்பேன். படிக்கும்போது புரிவது போல இருக்கிறது. மூடினால் ஒன்றும் இல்லை.

ஸ்டாரில் இருக்க வேண்டிய மோட்டாரை, காயில்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவில் போட்டால் எரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒன்றை எரித்தே கற்றுக்கொண்டேன். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆனால் ஏன் எரிந்தது என்று கேட்டால் கை தெரிந்ததை வாய் சொல்லாது.

என் ஆசை இதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கை மறுபடி எழுதித் தேறி, பிறகு மாலை நேர டிப்ளமோவில் சேர வேண்டும். தேர்வுக்கு மனு கொடுக்க இன்னும் 5 வாரம் இருக்கிறது. எல்லோரும் "முதலில் தன்னம்பிக்கை வேண்டும், அது இருந்தால் படிப்பு தானாக வரும்" என்கிறார்கள். எனக்கு அது இல்லை. மனுவைக் கையில் எடுத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இல்லாத நம்பிக்கையை எங்கிருந்து கொண்டுவருவது? அது வரும்வரை காத்திருப்பதா, இல்லாமலே தொடங்குவதா? இந்த வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

தம்பி, 31 ஆண்டுகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின் பிரிவில் பாடம் நடத்தியவன் நான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம்பிக்கையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த 11-ஆம் பக்கத்தை முடித்துவிடுவோம்.

36 ஸ்லாட், 4 போல், மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஃபேஸின் தொடக்கத்தை எந்த ஸ்லாட்டுகளில் எடுப்பீர்கள்? நீங்கள் பதில் சொல்வது எனக்குக் கேட்கிறது: 1, 7, 13. யோசிக்காமலே சொல்வீர்கள்.

ஏன் ஆறு ஆறாகத் தள்ளிப் போகிறீர்கள்? ஒரு வட போலும் ஒரு தென் போலும் சேர்ந்தால் மின்கணக்கில் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி. நான்கு போல் என்றால் அப்படி இரண்டு சுற்று, 720 டிகிரி. அதை 36 ஸ்லாட்டுக்குப் பங்கிட்டால் ஸ்லாட்டுக்கு 20 டிகிரி. ஆறு ஸ்லாட் தள்ளினால் 120 டிகிரி. 14 ஆண்டுகளாக உங்கள் விரல்கள் ஒவ்வொரு நாளும் 120 டிகிரியை அளந்து வைத்துக்கொண்டிருக்கின்றன. புத்தகம் அந்த எண்ணை உங்களிடம் வேறு பெயரில் சொன்னதால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு தாள், ஸ்கேல், கோணமானி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி. அதுதான் ஸ்டார் முனை, நீங்கள் மூன்று வால்களையும் சேர்த்து முறுக்கி ஸ்லீவ் போடும் இடம். அங்கிருந்து 10 செ.மீ. நீளத்தில் ஒரு கோடு. அதிலிருந்து 120 டிகிரி திரும்பி இன்னொரு 10 செ.மீ. கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு ஃபேஸின் வோல்டேஜ். லைன் வோல்டேஜ் என்பது இரண்டு ஃபேஸ்களின் வெளிமுனைகளுக்கு இடையில் மீட்டர் வைத்தால் வருவது. ஆகவே அந்த இரண்டு கோடுகளின் வெளிமுனைகளுக்கு இடையே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் அளந்து இங்கே எழுத வேண்டும். அந்த எண்ணை 10-ஆல் வகுத்துவிட்டு, பிறகு 240-ஆல் பெருக்கிப் பாருங்கள். அன்று முதல் ஆண்டில் எரிந்த மோட்டாரின் ஒவ்வொரு ஃபேஸுக்கும் 240 வோல்ட் போக வேண்டிய இடத்தில் எவ்வளவு போனது என்று தெரியும்.

அடுத்து அந்தப் பையனின் கேள்வி. 50 ஹெர்ட்ஸில் நான்கு போல் ஸ்டேட்டரின் (மோட்டாரின் நிலையாக நிற்கும் பகுதி) காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. 120-ஐ 50-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் வரும். இந்த 120 கோணம் இல்லை; நிமிடத்தின் 60 நொடியை, ஒரு ஜோடி போலுக்கான 2-ஆல் பெருக்கியது. சுழலும் பகுதியான ரோட்டாருக்கு வெளியிலிருந்து கம்பி எதுவும் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காந்தப்புலம் அதன் பட்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால்தான் அதற்குள் மின்னோட்டம் பிறக்கிறது. ரோட்டாரும் அதே 1500-இல் ஓடினால் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. இரண்டு பஸ்கள் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போனால் ஒன்றை ஒன்று முந்தாதது போல. மின்னோட்டம் இல்லை என்றால் இழுவிசை இல்லை. ஆகவே ரோட்டார் கொஞ்சம் பின்தங்கியே ஆக வேண்டும். 1500-க்கும் 1440-க்கும் வித்தியாசம் 60. 1500-இல் 60 என்பது நூற்றுக்கு 4. அதற்கு ஸ்லிப் என்று பெயர். பத்தாம் வகுப்பில் உங்களைத் தோற்கடித்த சதவீதக் கணக்கு, ஒவ்வொரு மோட்டாரின் தகட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பதிலை அந்தப் பையனிடம் நீங்களே சொல்ல வேண்டும். அதட்டியதற்கு வருத்தம் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நான் பாடம் நடத்திய முதல் ஆண்டில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், தெரிந்ததுபோல் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவன் அதற்குப் பிறகு என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. உங்கள் பையன் பக்கத்திலேயே இருக்கிறான். நேரம் இருக்கிறது.

இனி நம்பிக்கை. மோட்டாரைக் கட்டி முடித்ததும் என்ன செய்கிறீர்கள்? என் கைமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி அப்படியே அனுப்பிவிடுகிறீர்களா? மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைக்கிறீர்கள். பாடிக்கும் காயிலுக்கும் லீக் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். சும்மா ஓடவிட்டு மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் மனம் அமைதியாகிறது. அந்த அமைதிதான் நம்பிக்கை. சோதனைக்கு முன்னால் அது வருவதில்லை, உங்கள் பட்டறையிலும் சரி, வேறு எங்கேயும் சரி. இதை உங்கள் படிப்புக்கும் செய்யுங்கள். தினமும் ஒரு கணக்கு. விடையைப் பார்க்காமல் போட்டு, பிறகு சரிபார்த்து, தேதி போட்டு நோட்டில் வையுங்கள். தவறாக வந்த கணக்கையும் கிழிக்காமல் வையுங்கள். எரிந்த காயிலைப் பார்த்துத்தானே எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கிறீர்கள்?


நூல்பிணைப்பவன் எழுதியது:

பயிற்றுநர் ஐயாவின் பதிலுக்கு முன்னால் நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அவர் சொன்ன "குறுக்கே வெட்டுவதால் மின்னோட்டம் பிறக்கிறது" என்பதைக் கண்டுபிடித்தவர் என் தொழில்காரர் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் புத்தகம் பைண்டிங் செய்பவன்.

மைக்கேல் ஃபாரடே கருமான் ஒருவரின் மகன். பள்ளிப்படிப்பு எழுத்துக் கூட்டவும் எண்ணவும் கற்றதோடு முடிந்தது. 1805-இல், 14 வயதில், லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் 7 ஆண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்துத்தான் அதன்மேல் ஆசை வந்தது. என் கையிலும் தினமும் புத்தகங்கள் வருகின்றன. தையல் போட மடிக்கும்போது ஒரு பக்கத்தையாவது படிக்காமல் விட மாட்டேன். அந்தப் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

1812-இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, விரித்து எழுதி, தன் கையாலேயே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். அதற்கு முன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. டேவிக்கு அனுப்பியது வெறும் கடிதமாக இருந்திருந்தால் அதற்கும் பதில் வந்திருக்குமோ என்னவோ. கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கக்கூடிய வேலையை அனுப்பினார். 1813 மார்ச்சில் அவருக்கு ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது.

செம்புக்கம்பி அவர்களே, உங்களுக்கு முக்கியமான பகுதி இனிதான். 1831 ஆகஸ்ட் 29 அன்று அவர் செய்த சோதனையின் கருவி என்ன தெரியுமா? 6 அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையம். அதன் இரண்டு பக்கமும் செம்புக்கம்பி சுற்றினார். இன்று உங்களுக்கு எனாமல் பூசிய கம்பி கிடைக்கிறது. அவருக்குக் கிடைக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று தொட்டுக்கொள்ளாமல் இருக்க நூலையும், அடுக்குக்கு அடுக்கு பருத்தித் துணியையும் வைத்துத் தன் கையால் சுற்றினார். உங்கள் தொழிலின் முதல் காயில்களில் ஒன்று அது. ஒரு பக்கத்துக் கம்பியை மின்கலத்தோடு இணைத்தபோதும் துண்டித்தபோதும் மறுபக்கம் காந்த ஊசி அசைந்தது. இன்றைய டிரான்ஸ்ஃபார்மர் அங்கிருந்து வந்தது.

அவருக்கும் கணக்கு வராது. அவருடைய கருத்துகளுக்கு இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்தான் பிறகு கணித வடிவம் கொடுத்தார். 1857-இல் ஃபாரடே அவருக்கு எழுதிய கடிதத்தில், கணிதக்காரர்கள் தங்கள் முடிவுகளை எங்களைப் போன்றவர்களுக்காகச் சாதாரண மொழியிலும் எழுதக் கூடாதா என்று கேட்டார். அப்போது அவருக்கு 66 வயது. உலகமே கொண்டாடிய மனிதர், தனக்குப் புரியவில்லை என்று தன்னைவிட 40 ஆண்டு இளையவரிடம் எழுதினார். உங்கள் பட்டறைப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவரைத் தனி மனிதராக உயர்ந்தவர் என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. டேவிக்கு முன் கேட்ட வேறு சொற்பொழிவுகளுக்குக் கட்டணம் கொடுத்தது அவருடைய அண்ணன். டேவியின் கூட்டத்துக்கு டிக்கெட் கொடுத்தது கடைக்கு வந்த வாடிக்கையாளர். சோதனை செய்துகொள்ள இடம் விட்டது கடை முதலாளி. நண்பர்களோடு கூடிப் படித்தார், அவர்களிடம் இலக்கணம் திருத்திக்கொண்டார். நீங்களும் தனியாகப் படிக்காதீர்கள். அந்தப் பையனோடு சேர்ந்து படியுங்கள்.


நாற்பதில்மாணவி எழுதியது:

தம்பி, "படிக்கும்போது புரிவது போல இருக்கிறது, மூடினால் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக எழுதுகிறேன். அது உங்கள் மூளையின் குறை இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான்.

நான் 38 வயதில் மறுபடி படிக்கத் தொடங்கி, இன்று முதியோர் கல்வி வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சியின்போது ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு தடவை திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம். இதில் என்னைப் பிடித்து உலுக்கியது வேறு ஒன்று: படித்து முடித்ததும் "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் அந்தத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

ஆகவே உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒன்பது முறை படித்துவிட்டுப் புரிந்துவிட்டது என்று நம்பியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். மூடிப் பார்த்தீர்கள், இல்லை என்று கண்டுபிடித்தீர்கள். பாதி வேலை முடிந்தது. இனி ஒன்பது முறை படிக்காமல், ஒரு முறை படித்து மூடிவிட்டு, நினைவுக்கு வருவதை எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடத்தில் மட்டும் திறந்து பாருங்கள்.

நெஞ்சு அடித்துக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தேர்வில் என் கை நடுங்கி எழுத்து கோணலாகிப் பாதித் தாளோடு எழுந்து வந்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வரும்வரை அழுதேன். நடுக்கத்தையே "உன்னால் முடியாது" என்ற தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். என்னால் முடியும் என்ற எண்ணம் நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் ஊக்கிச் சொன்னது, தன் உடல் காட்டும் அறிகுறிகளைத் தான் படித்துக்கொள்ளும் விதம். இவற்றில் மிக வலுவானது தானே செய்து முடித்ததுதான். "உன்னால் முடியும்" என்று எனக்குச் சொன்னவர்கள் நிறைய. மனம் குளிர்ந்தது, கை நடுங்குவது நிற்கவில்லை.

எது நிறுத்தியது என்று சொல்கிறேன். பழைய வினாத்தாள்களை எடுத்து, மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, கடிகாரம் வைத்து, முழு நேரமும் எழுந்திருக்காமல் எழுதினேன். 11 தாள்கள். முதல் நான்கிலும் நடுங்கியது. ஐந்தாவதில் நடுக்கத்தோடேயே முடித்தேன். தேர்வு நாளிலும் நெஞ்சு அடித்தது. ஆனால் அது ஐந்தாவது தாளில் அடித்த அதே அடிதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். 5 வாரமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு மனத்தை அரித்துக்கொள்ள வேண்டாம்.


செம்புக்கம்பி எழுதியது:

ஐயா, அக்கா, நண்பர் நூல்பிணைப்பவன், மூவருக்கும் என் வணக்கம். 9 நாட்கள் கழித்து எழுதுகிறேன். சொன்னதைச் செய்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் அளந்தது. முதல் தடவை 17.1 செ.மீ. வந்தது. கோணமானியைச் சரியாக வைக்கவில்லை என்று சந்தேகம் வந்தது. பென்சிலைக் கூராக்கி இன்னொரு தாளில் வரைந்தேன். 17.3. மூன்றாவது தாளிலும் 17.3. வகுத்தால் 1.73. கால்குலேட்டரில் ரூட் 3 போட்டுப் பார்த்தேன், 1.732 என்று வந்தது. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 240-ஐ 1.73-ஆல் பெருக்கினால் 415. நம் லைன் வோல்டேஜ். 240 தாங்கக் கட்டிய காயிலுக்கு நான் 415 கொடுத்திருக்கிறேன். 14 ஆண்டுகளுக்கு முன் எரிந்த மோட்டாருக்கு அன்று இரவுதான் காரணம் தெரிந்தது.

பையனிடம் பேசினேன். அதட்டியது தவறு என்று சொன்னேன். அவன் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு 1440-க்கான காரணத்தை ஒரு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இரண்டு பஸ் உதாரணத்தைக் கேட்டதும் அவனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இப்போது வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்காருகிறோம். இயற்கணிதத்தில் அவன் எனக்கு உதவுகிறான். கனெக்ஷன் படத்தில் நான் அவனுக்கு உதவுகிறேன்.

மனு கொடுத்துவிட்டேன், அக்கா. கொடுக்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

நோட்டில் 9 நாளைக்கு 9 கணக்கு. 5 சரி, 4 தவறு. தவறான நான்கில் மூன்று, மைனஸ் குறியைத் தூக்கி அந்தப் பக்கம் போடும்போது வந்த தவறு. ஒரே கோளாறு மூன்று இடத்தில்.

நேற்று நானே ஒன்று யோசித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று லைனில் ஒரு லைன் போய்விட்டால் மோட்டார் எரிந்து வருகிறது அல்லவா? ஸ்டார் மோட்டாராக இருந்தால் இரண்டு ஃபேஸின் காயில் கருகியிருக்கும், ஒன்று புதிதுபோல் பளபளக்கும். டெல்டாவாக இருந்தால் தலைகீழ்: ஒரு ஃபேஸ் மட்டும் நன்றாகக் கருகியிருக்கும், மற்ற இரண்டும் ஓரளவு பிழைத்திருக்கும். திறந்து பார்த்ததுமே எந்தக் கனெக்ஷன் என்று சொல்லிவிடுவேன். ஏன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இரண்டு படமும் வரைந்து ஒரு லைனை ரப்பரால் அழித்தேன். ஸ்டாரில் அந்த லைனோடு சேர்ந்த காயிலுக்கு வழியே இல்லை. மற்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று முழுச் சுமையையும் தாங்குகின்றன. அதனால் இரண்டு கருகும், ஒன்று பிழைக்கும். டெல்டாவில் மீதியுள்ள இரண்டு லைனுக்கும் நடுவில் ஒரு காயில் நேராக நிற்கிறது. மற்ற இரண்டும் வரிசையாகச் சேர்ந்து அதே வோல்டேஜைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நேராக நிற்பதில் அவற்றைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

சரியா என்று பாருங்கள் ஐயா. ஓர் இடத்தில் எனக்கு உறுதியில்லை. ரோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் அந்த இரண்டு மடங்கு அப்படியே இருக்குமா, அல்லது நின்றுகொண்டிருக்கும்போது மட்டும்தானா? நாளைக்குப் பட்டறையில் பழைய மோட்டார் ஒன்றை டெல்டாவில் இணைத்து, சுமை இல்லாமல், ஓடும்போது ஒரு லைனை மட்டும் எடுத்து, மூன்று காயிலிலும் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்று பையன் சொல்கிறான். எண்கள் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.